வெந்தயமும் பழைய பேப்பரும்: கூழ்க் கூடை வெடிக்காமல் வர

பேப்பர் கூழில் கூடை செய்ய உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பேப்பர், எவ்வளவு வெந்தயம் என்றுதான். இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கூடை வந்துவிடும். கூடையைக் கெடுப்பது தண்ணீர். 100 கிராம் காய்ந்த பேப்பரை ஊறவைத்து அரைத்து, கையால் இறுகப் பிழிந்தால்கூட 300 முதல் 400 கிராம் வரை நிற்கும். கூடுதலாக நிற்பது முழுக்கத் தண்ணீர். அத்தனையும் காய்ந்து வெளியே போயாக வேண்டும். எந்தப் பக்கமாகப் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் வெடிப்பு, கோணல், பூஞ்சை எல்லாம்.

புது மூங்கில் முறம் வாங்கினால் வெந்தயம் சேர்த்த பேப்பர் கூழால் மெழுகி வைப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம். இடுக்கில் தானியம் சிக்காது, சிம்பு கையில் ஏறாது, முறமும் பிரியாமல் இன்னும் சில வருஷம் உழைக்கும். அதே கூழைக் கவிழ்த்த குடத்தின் மேல் அப்பி எடுத்தால் தனிக் கூடை. இதற்கென்று காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் வெந்தயம் ஒன்றுதான். பாக்கெட்டில் வரும் ‘பேப்பர் கிளே’ வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சின்னப் பொம்மைக்கு நல்லது, கூடைக்குக் கட்டுப்படியாகாது.

பேப்பரில் நார் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். செய்தித்தாளில் இருப்பது மரத்தை அப்படியே அரைத்தெடுத்த கூழ். நார் குட்டை, சீக்கிரம் கரையும், நன்றாகப் படியும். ஆனால் வெயில் பட்டால் பழுப்பேறும். நோட்டுப் புத்தகத் தாள் ரசாயனத்தில் வேகவைத்த கூழிலிருந்து வருவது. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்தே பேப்பர் எடுக்கிறது. நோட்டுத் தாள் ஊற நேரம் எடுக்கும், ஆனால் காய்ந்தபின் கூடை கெட்டியாக நிற்கும். பாதிக்குப் பாதி கலந்தால் படிவதும் சுலபம், வலுவும் கிடைக்கும். தினசரிக் காலண்டர் தாள் நல்ல சரக்கு. முட்டை அட்டை அதைவிட நல்லது. அது ஏற்கெனவே கூழாக இருந்து அட்டையானதுதான், இரண்டு மூன்று மணி நேரத்தில் கையிலேயே பிய்ந்து வரும். முட்டைக் கழிவு ஒட்டியிருக்கக் கூடும் என்பதால் கொதிக்கும் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டெடுத்துவிட வேண்டும்.

பளபளக்கும் வார இதழ்த் தாளைத் தள்ளி வையுங்கள். அதன் மேல்பூச்சு வெள்ளைக் களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும். அரைத்தால் சேறுபோல வரும், நாருக்கு நார் பிடிக்காது, காய்ந்ததும் பொருபொருவென்று உதிரும். கல்யாணப் பத்திரிகையில் பிளாஸ்டிக் படலமும் ஜரிகை அச்சும் இருந்தால் அதுவும் கரையாது. ஏடிஎம், சூப்பர் மார்க்கெட் ரசீதுகள் ரசாயனம் பூசிய வெப்பத் தாள். கூழில் சேர்க்கவே கூடாது.

அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். செய்தித்தாளை விரித்தால் கிடைக்கும் நான்கு பக்கத் தாள் ஒன்று ஏறத்தாழ 17 கிராம். 20 செ.மீ. வாயும் 6 செ.மீ. ஆழமும் உள்ள கிண்ணத்துக்கு 100 கிராம் பேப்பர் போதும், அதாவது ஆறு தாள். வெங்காயம் போட்டு வைக்கிற அளவுக் கூடை என்றால் அரைக் கிலோ வேண்டும். எப்போதும் கால் பங்கு கூடுதலாகப் போடுங்கள். மிஞ்சியதைப் பிழிந்து வில்லை தட்டிக் காயவைத்தால் கெடாது. பிறகு வெடிப்பு அடைக்கத் தேவைப்படும்.

தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பதற்குக் காரணம் உண்டு. கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகும். செய்தித்தாளுக்கு ஒரு ராத்திரி போதும். நோட்டுத் தாளுக்கு இரண்டு நாள். தினமும் தண்ணீரை மாற்றாவிட்டால் மூன்றாம் நாள் வீடே நாறும். அவசரம் என்றால் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு அரைக்கலாம்.

அரைப்பதில்தான் பலரும் மிக்ஸியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஊறிய பேப்பர் ஒரு கைப்பிடி என்றால் தண்ணீர் இரண்டு டம்ளர் இருக்க வேண்டும். பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, திரும்பப் பத்து விநாடி. தண்ணீர் குறைந்தால் கூழ் பிளேடுக்கு மேலே கட்டிக்கொண்டு நிற்கும், அடியில் மோட்டார் சுற்றிச் சூடேறும், ஜாரின் கப்ளர் தேயும். மை படுகிற ஜாரைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம். பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நைசாக அரைந்தால் நல்லது என்று நினைப்பதும் தவறு. மிக்ஸி நாரை வெட்டுகிறது. வெட்ட வெட்ட நார் குட்டையாகி, பிடிப்புக் குறைகிறது. உரலில் இடித்தால் நார் வெட்டுப்படாமல் நசுங்கிப் பஞ்சாகும். ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள அதுதான் வேண்டும். உரல் இருக்கிற வீடாக இருந்தால் பாதியை இடித்து, பாதியை மிக்ஸியில் போடுங்கள். எடுத்துப் பார்த்தால் எழுத்துத் துணுக்கு ஒன்றிரண்டு தெரியலாம், முழுச் சொல் படிக்கத் தெரியக் கூடாது. அந்தப் பதத்தில் நிறுத்திவிடலாம்.

வெந்தயம், காய்ந்த பேப்பர் எடையில் பத்தில் ஒரு பங்கு. 500 கிராம் பேப்பருக்கு 50 கிராம். ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு சேர்த்து வழவழவென்று அரைக்க வேண்டும். அந்த வழவழப்புதான் பசை. வெந்தயத்தில் உள்ள கோந்து நாருக்கு இடையில் புகுந்து, ஈரத்தில் வழுக்கிவிட்டு அப்புவதைச் சுலபமாக்கும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் வலு வராது. கோந்து தண்ணீரைப் பிடித்து வைப்பதால் காய்வது தாமதமாகும், சுருக்கமும் அதிகமாகும். 500 கிராமுக்கு 100 கிராம் வெந்தயம் போட்டு, ஐப்பசி மழையில் காயவைத்தால் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும்.

வலு போதாது என்று தோன்றினால் 50 கிராம் மைதாவைக் காய்ச்சிச் சேர்க்கலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம். உணவுப் பொருள் வைக்கிற கூடையிலும், குழந்தைகள் கை வைக்கிற இடத்திலும் துத்தம் வேண்டாம். ஒரு டீஸ்பூன் கிராம்பு எண்ணெய் பூஞ்சையை ஓரளவு தடுக்கும், நாற்றமும் இருக்காது.

கூழை வேட்டித் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்த பிறகு வெந்தய விழுதைச் சேர்த்துப் பிசையுங்கள். முன்னாலேயே சேர்த்தால் பிழிகிற தண்ணீரோடு பசையும் போய்விடும். பதம் பார்க்க, எலுமிச்சம்பழ அளவு உருண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தட்டுங்கள். ஓரம் பிளந்தால் ஈரம் போதவில்லை. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்னும் பிழிய வேண்டும். தட்டின இடத்தில் ரேகை பதிந்து, ஓரம் பிளக்காமல் நின்றால் சரி.

இனி அச்சு. இங்கேதான் அதிகமாகக் கோட்டை விடுவது. எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து, வெளிப்பக்கம் கூழை அப்பி, முழுக்கக் காயும்வரை அப்படியே விட்டால் வெடிக்கும். கூழ் காயும்போது சுருங்குகிறது. தடிமன்தான் அதிகம் குறையும், 6 மி.மீ. அப்பினால் 4 மி.மீ. ஆகும். சுற்றளவு கொஞ்சம்தான் சுருங்கும். அந்தக் கொஞ்சத்துக்கும் எவர்சில்வர் இடம் கொடுக்காது. உள்ளே பாத்திரம் நகராமல் நிற்க, மேலே கூழ் இறுகிக்கொண்டே வர, ஏதோ ஓரிடத்தில் கிழிந்தாக வேண்டும். பெரும்பாலும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஓடும் வெடிப்பு இதனால் வருவதே. வெந்தயம் போதவில்லை என்று அடுத்த முறை இரட்டிப்பாகப் போடுவார்கள். திரும்பவும் வெடிக்கும்.

அதே கூழைப் பாத்திரத்தின் உள்பக்கம் அப்பினால் சுருங்கும்போது சுவரைவிட்டுத் தானே விலகும், கவிழ்த்தால் கையில் விழும். ஆழம் குறைந்த கிண்ணம், தட்டு, தாம்பாளம் எல்லாவற்றுக்கும் உள்பக்கமே சரி. சுவர் செங்குத்தாக இருந்தால் மட்டும் கூழ் சரிந்து அடியில் தேங்கும். அதனால் ஆழமான கூடைக்கு வெளிப்பக்கம்தான் வழி. ஆனால் பாதி காய்ந்ததும் கழற்றிவிட வேண்டும்.

கைதேர்ந்தவர்கள் எல்லாரும் இந்தச் சுருக்கத்துக்கு ஒவ்வொரு வழி வைத்திருக்கிறார்கள். கொலுப் பொம்மை செய்கிறவர்கள் இரண்டு பாதி அச்சின் உள்பக்கத்தில் கூழை அழுத்தி எடுத்து, பிறகு பாதிகளை ஒட்டுகிறார்கள். கூழ் விலகி வர உள்பக்கம் உதவுகிறது. காஷ்மீரில் அச்சின் மேல் அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். காய்ந்ததும் சின்ன ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் கழற்றி, திரும்பப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். உருவம் செய்கிறவர் சக்த்சாஸ், மேலே வண்ணம் தீட்டுகிறவர் நக்காஷ், இரண்டும் தனித்தனித் தொழில். புதுச்சேரிப் பக்கம் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. வீட்டுக் கூடைக்கு ரம்பம் வேண்டாம். நேரம் பார்த்துக் கழற்றினால் போதும்.

வெளிப்பக்கம் அப்புவதாக இருந்தால் முதலில் பாத்திரத்தின் மேல் நனைத்த பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்துங்கள். துணி கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும், கழற்றும்போது பிடித்து இழுக்கவும் உதவும். பாலித்தீன் போட்டால் ஒட்டாது, ஆனால் அதன் சுருக்கம் அத்தனையும் கூடையின் உள்பக்கம் கோடாகப் பதியும். அதோடு அந்தப் பக்கமாகத் தண்ணீர் வெளியேற வழியே இருக்காது. அடியிலிருந்து தொடங்கி, உள்ளங்கை அளவு அடைகளாக, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் விரற்கடை ஏறும்படி அப்ப வேண்டும். ஓரத்தோடு ஓரம் வைத்தால் அந்தக் கோட்டிலேயே பிரியும். தீக்குச்சியில் 6 மி.மீ. அளவுக்கு மையால் கோடு போட்டு, அங்கங்கே குத்திப் பார்த்தால் தடிமன் தெரிந்துவிடும். எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பது, கூடுதல் தடிமனாக இருப்பதைவிட முக்கியம். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கி, பக்கத்தில் உள்ள தடித்த இடத்தை இழுக்கும். கோணல் அங்கிருந்துதான் வருகிறது.

விளிம்பை மட்டும் 8 முதல் 10 மி.மீ. வைக்கலாம். இரண்டு பக்கமும் காற்றுப் படுவதால் அதுதான் முதலில் காயும், முதலில் பிசிறும். விளிம்புக்குள் கம்பி வளையம் வைத்தால் உறுதி என்று தோன்றும். கம்பியும் எவர்சில்வர் மாதிரியே சுருங்காது. வைக்க வேண்டுமானால் நனைத்த பருத்திக் கயிறு வையுங்கள். கைப்பிடிக் கயிற்றுக்கான ஓட்டையை ஈரத்திலேயே குச்சியால் போட்டு, குச்சியை அப்படியே விட்டு, தினம் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். காய்ந்தபின் துளைத்தால் நார் பிய்ந்து ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

உடனே வெயிலில் வைக்கக் கூடாது. மேல்பரப்பு சட்டென்று காய்ந்து ஓடுகட்டிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஓடு சுருங்க, உள்ளே இருப்பது சுருங்காமல் நிற்க, மேலே முடிக்கோடுகளாகப் பிளக்கும். முதல் நாள் முழுக்க நிழல், காற்றோட்டம். மின்விசிறியை நேராகக் காட்டாமல் அறைக்குள் சுற்றவிட்டால் போதும். இரண்டாம் நாள் விளிம்பு வெளுத்து, நடுப்பகுதி இன்னும் கருமையாக இருக்கும்போது துணியோடு சேர்த்து மெல்லக் கழற்றுங்கள். அழுத்தினால் விரல் பதியக் கூடாது, வளைத்தால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். இந்த நேரத்தைத் தவறவிட்டு மூன்றாம் நாள் பார்த்தால் வெடிப்பு தொடங்கியிருக்கும். கழற்றிய கூடைக்குள் உருவம் நிற்கிற அளவுக்குக் கசக்கிய துணியைத் தளர்வாகத் திணித்து, சல்லடை மேலோ கயிற்றுக் கட்டில் மேலோ கவிழ்த்து வையுங்கள். தரையில் வைத்தால் அடிப்பாகம் காயாது, பூஞ்சையும் அங்கேதான் முதலில் வரும். அதன்பிறகு வெயில் எவ்வளவு அடித்தாலும் நல்லதே.

மாசியிலிருந்து ஆடி வரை இந்த வேலைக்கு நல்ல காலம். ஆடிக் காற்று சித்திரை வெயிலைவிட உதவி. ஐப்பசி, கார்த்திகையில் பெரிய கூடை எடுக்காமல் இருப்பதே மேல். சின்னக் கிண்ணம் செய்தே ஆக வேண்டும் என்றால் 3 மி.மீ. தடிமனில் ஒரு பூச்சு போட்டு, அது காய்ந்தபின் மேல் பூச்சு போடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் சமையல் தராசில் இன்று ஒருமுறை, நாளை அதே நேரத்தில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறையாமல் நின்றால் காய்ந்தது. ஈரத்தோடு வண்ணம் பூசி வார்னிஷ் அடித்த கூடை, வெளியே அழகாக இருந்துகொண்டே உள்ளே இற்றுப்போகும். ஒரு மாதம் கழித்து வண்ணம் கொப்புளிக்கும்போதுதான் தெரியும்.

வெடிப்பு வந்தே விட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை. மிச்சம் வைத்த வில்லையை ஊறவைத்து, நைசாக அரைத்து, பசை கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடைப்பதற்கு முன் வெடிப்பின் இரண்டு ஓரத்தையும் தூரிகையால் நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் காய்ந்த கூடை, புதுக் கூழின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதுக் கூழ் ஒட்டுவதற்குள் சுருங்கி, அதே இடத்தில் திரும்பக் கோடு விடும். ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு தடவையாக நிரப்புங்கள். மேலே குறுக்காக மெல்லிய காலண்டர் தாள் பட்டைகளை மைதாப் பசையில் ஒட்டினால் தையல் போட்ட மாதிரி நிற்கும்.

மேல்வேலை அவரவர் விருப்பம். சொரசொரப்பாகவே விட்டு, வெந்தயத் தண்ணீர் மட்டும் பூசிய கூடை எனக்குப் பிடிக்கும். கூழ் கூழாகத் தெரிய வேண்டும். வழவழப்பு வேண்டுமானால் 120-ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 220. அதன்மேல் சாக்பீஸ் தூளும் மரப்பசையும் தண்ணீரும் குழைத்து மெல்லியதாக இரண்டு பூச்சு, காய்ந்தபின் போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ. சுண்ணாம்பு அடித்த கூடையில் மஞ்சள்தூளால் வண்ணம் தீட்டினால் குங்குமச் சிவப்பாக மாறும், பதற வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அப்படித்தான். மஞ்சள் வண்ணம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவி நிற்கும்.

வெங்காயம், பூண்டு, சில்லறை, நூல்கண்டு, ஊசிப்பெட்டி, கொலுவுக்குத் தாம்பாளம் என்று எதற்கும் வைக்கலாம். எண்ணெய்ப் பண்டமும் ஈரமும் ஆகாது. செய்தித்தாள் கூழில் செய்த கூடையில் தின்பண்டத்தை நேராக வைக்காதீர்கள். செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது, காரணம் அச்சு மை. அரைத்துவிட்டதால் மை எங்கேயும் போய்விடாது. தானியம், அரிசிக்கென்று கூடை வேண்டுமானால் அச்சில்லாத வெள்ளைத் தாள் போட்டுச் செய்யுங்கள், உள்ளே துணி விரித்து வையுங்கள்.

வெந்தயம் போட்டால் பூச்சியே அண்டாது என்பது பாதி நம்பிக்கை. கசப்பு கொஞ்சம் தடுக்கும். மைதா சேர்த்த கூடையைக் கரப்பான் தேடி வரும், சுவரோடு ஒட்டி வைத்தால் கரையான் ஏறும். வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியில் ஒன்று, மழை விட்ட தையில் ஒன்று, வெறுங்கூடையாக ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். வார்னிஷ் அடிக்காத கூடை நனைந்து உருக்குலைந்தால் காயவைத்துப் பார்க்க வேண்டாம், கிழித்து அடுத்த கூழோடு ஊறப்போடலாம். வார்னிஷ் அடித்ததை மட்டும் அப்படி ஊறப்போட முடியாது.